மாமாவை அறிந்த ரத்தம்

குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டிய என் மாமா, சேலத்து மருத்துவமனையில் டாக்டருக்கு எதிரே, சட்டையின் மேல் பித்தானைக்கூடப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அத்தையின் இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போய், டயாலிசிஸில் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. தன்னுடையதில் ஒன்றைக் கொடுப்பதென்று மாமா முடிவுசெய்து, பீடியையும் விட்டிருந்தார். ரத்த வகை ஒன்றுதான். கடைசிப் பரிசோதனையின் முடிவைக் கேட்க அவர்கள் இருவருடன் நானும் போயிருந்தேன்.

“அவங்க ரத்தத்துல உங்க செல்லைக் கலந்து பார்த்தோம். எல்லாத்தையும் கொன்னுடுச்சு” என்றார் டாக்டர்.

“ஏனுங்க, ஊட்டுக்காரனுது ஊட்டுக்காரிக்கே ஆகாதுங்களா?”

டாக்டர் பொறுமையாக விளக்கினார். வயிற்றுப் பிள்ளையில் பாதி தகப்பன். அதன் அணுக்கள் சில தாயின் ரத்தத்தில் கலந்துவிடும். சில பெண்களின் உடல் அதை அந்நியம் என்று அடையாளம் கண்டு, எதிர்க்க ஆயுதம் செய்துவைத்துக்கொள்ளும். வருடங்கள் போனாலும் அந்த நினைவு அழியாமலிருக்கலாம்.

“எத்தனை கர்ப்பம்?”

“ஒரு பொண்ணுங்க” என்றார் மாமா.

அத்தை தரையைப் பார்த்தபடி, “ரெண்டுங்க” என்றாள்.

முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்தது எனக்கு அன்றுதான் தெரியும். திரும்பும் பஸ்ஸில் அத்தை என் காதருகே சொன்னாள்: “நான் மறந்தே போயிட்டேன் சாமி. ரத்தம் மறக்கலை பாரு.”

மகள் தன்னுடையதைத் தர வந்தாள். அவளிடமும் பாதி மாமா இருந்தார். அத்தையின் ரத்தம் அவளையும் விடவில்லை.

அதற்குப் பிறகு மாமா மாறிப்போனார். படுக்கையைத் தறிக் கொட்டகைக்குக் கொண்டுபோனார். சோற்றுத் தட்டை அத்தையின் கையில் தராமல் அருகே வைத்துவிட்டு நகர்ந்தார். தொட்டால் ஒன்றும் ஆகாது என்று நான் சொன்னேன். “தெரியும் கண்ணு. ஆனா இத்தனை வருசமும் அவ ரத்தம் என்னையத் தேடிக்கிட்டேதான இருந்துருக்குது” என்றார். டயாலிசிஸ் நாட்களில் அவர் கட்டிலருகே வந்தால், குழாயில் ஓடும் சிவப்பையே பார்ப்பேன். அவர் வந்தது அதற்குத் தெரிகிறதோ என்று உடம்பு சிலிர்க்கும்.

கடைசியில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த யாரோ ஒருவரின் சிறுநீரகம் வந்தது. பெயர்கூடச் சொல்லவில்லை. முன்பின் அறியாத அந்த மனிதரின் அணுக்களுக்கு முன்னால் அத்தையின் ரத்தம் சாதுவாக இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அடிவயிற்றின் வலப்பக்கம் அதை வைத்தார்கள். வீடு திரும்பிய பிறகு ஒரு மத்தியானம் அத்தை மாமாவைக் கூப்பிட்டு, அவர் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். அவர் பதறி இழுத்தார். அவள் விடவில்லை.

“ரத்தம் என்னமோ பண்ணிட்டுப் போவுது. நான் உங்களைத் தேடுனது வேறைங்க.”

மாமா வாய்விட்டு அழுததை அன்றுதான் பார்த்தேன்.

புதியதையும் அத்தையின் உடல் ஒருமுறை எதிர்த்தது. ஊசி போட்டு அடக்கினார்கள். இப்போது நலமாக இருக்கிறாள். அந்த ரத்தம் விழித்துக்கொள்ளாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை. காலையும் மாலையும் மாமாதான் அதைப் பிரித்து அவள் உள்ளங்கையில் வைக்கிறார். அவள் விழுங்கி முடிக்கும்வரை அங்கிருந்து நகர்வதில்லை.