பேஸ்பால் தீவில் நஸீரை விட்டு வந்தேன்

வெள்ளி காலை. நுவார்க் விமான நிலையத்தின் பார்க்கிங்கில் நஸீர் காரை நிறுத்தியபோது குளிரில் பற்கள் கிடுகிடுத்தன. நான்கு மணி நேரத்தில் சான்டோ டொமிங்கோவில் இறங்கி, ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டோம். டொமினிகன் குடியரசு ஒரு தீவை ஹைட்டியோடு பங்கு போட்டுக்கொண்ட சின்ன நாடு. நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, அவர்களுக்கு பேஸ்பால் அதற்கும் ஒரு படி மேல்.

நஸீர் காயல்பட்டினத்துக்காரன். நுவார்க் பக்கம் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் மனைவி ஷாஹிதா, ஒன்பது வயது மகள் ஆயிஷாவோடு இருக்கிறான். மருந்துக் கம்பெனி ஒன்றில் ஐ.டி. வேலை. மகள் பேஸ்பால் ஆடத் தொடங்கியதும் அப்பனுக்கும் பித்துப் பிடித்துவிட்டது. நான் நாகர்கோவில். அவனோடு போவதற்காகவே அமெரிக்காவின் தென்கோடியில் இருக்கும் சுகர் லேண்டிலிருந்து வந்திருந்தேன்.

சனிக்கிழமை சான் பெத்ரோ என்ற கரும்பு ஊருக்குப் போனோம். எழுபது கிலோமீட்டர். டிரைவர் ரமோன், முப்பதைத் தாண்டியவர், தட்டுத்தடுமாறி ஆங்கிலம் பேசினார். தெருவெல்லாம் ஆட்டம். துடைப்பக் கட்டைதான் மட்டை; பெரிய தண்ணீர் கேனின் மூடிதான் பந்து. அதே தெருக்களின் முடிவில் உயரமான மதில்கள். உள்ளே அமெரிக்க அணிகளின் பயிற்சிக்கூடங்கள். பதின்ம வயதில் உள்ளே போகிறவர்களில் மிகச் சிலர்தான் அமெரிக்கா போய் நிலைக்கிறார்கள். மற்றவர்களுக்கு மதிலுக்கு வெளியே என்ன வேலை இருக்கிறது என்று கேட்டேன். ரமோன் ஸ்டியரிங்கைத் தட்டிக் காட்டினார்.

அவரும் பந்து வீசியவர். அமெரிக்காவில் இரண்டு சீசன் ஆடினார். முழங்கை போயிற்று. "கை குலுக்கினாங்க, டிக்கெட் கொடுத்தாங்க. வேலை போன அன்னிக்கே விசாவும் போச்சு" என்றார்.

சாலையோரக் கடையில் இஞ்சிக் கஷாயம் குடித்தோம். ஐம்பது பெசோ. தேயிலை போடாத அதற்கும் அங்கே 'தே' என்றுதான் பெயர். நஸீருக்கு ஒரே குஷி.

"பாத்தியா மச்சான், எங்க ஊர் தேத்தண்ணில பாதி இங்க இருக்கு. உன் சாயாவைத்தான் காணோம்."

விஷயம் எனக்கும் தெரியும். சீனத்தின் தென்கரைத் துறைமுகத்து மக்கள் தேநீரை 'தே' என்றார்கள். டச்சுக் கப்பல்கள் அதை ஐரோப்பாவுக்கு ஏற்றிப் போயின. தரைவழியாகப் போனது 'சா'. போர்த்துகீசியர் மட்டும் மக்காவோவிலிருந்து 'சா'வையே கப்பலேற்றினார்கள். இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, ரமோனின் விசா கதையிலிருந்து நஸீருக்கு ஏதோ ஞாபகம் வந்தது.

"என் பாஸ்போர்ட்ல இருக்கற விசா ஸ்டாம்பிங்கும் இன்னியோட எக்ஸ்பயர் ஆகுது."

எனக்குக் குடித்தது புரையேறியது. "நாளைக்குத்தானேடா ஃபிளைட்?"

"டென்ஷன் ஆகாத. அப்ரூவல் பேப்பர் இன்னும் ரெண்டு வருஷம் வேலிட். முப்பது நாளுக்குள்ள திரும்பிட்டா பழைய ஸ்டாம்பிங்கே போதும். எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் மெக்ஸிகோ அப்படித்தான் போயிட்டு வந்தாங்க. வாட்ஸ்அப் குரூப்லயும் கேட்டுட்டேன், தம்ஸ் அப் போட்டாங்க."

விசா விவகாரத்தில் நம்மவர்களுக்கு வக்கீலைவிட வாட்ஸ்அப்பில்தான் நம்பிக்கை. சாயங்காலம் ஒரு மேட்ச் பார்த்தோம். ஆயிஷாவுக்கு ஒரு பந்து வாங்கினான். எனக்கு ஆட்டத்தில் மனம் போகவில்லை.

ஞாயிறு மதியம், விமான நிலையம். கவுன்டர் பெண் என் கிரீன் கார்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். நஸீரின் பாஸ்போர்ட்டைப் புரட்டியவள் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் பொறுமையாகவே சொன்னார்: அந்தச் சலுகை மெக்ஸிகோவுக்கும் கனடாவுக்கும்தான். இந்தத் தீவுகளிலிருந்து மாணவர்கள் அப்படித் திரும்பலாம். வேலை விசாக்காரர்கள் திரும்ப முடியாது.

அடுத்து என்ன என்று வக்கீலிடம் ஃபோனில் கேட்டோம். சென்னைக்குப் போய்த்தான் ஸ்டாம்பிங் வாங்க வேண்டும். அப்பாயின்ட்மென்டுக்கே மாதக்கணக்காகும். அமெரிக்கா வழியாகவும் போக முடியாது, ஐரோப்பாவைச் சுற்றித்தான். அதுவரை கம்பெனி காத்திருக்குமா என்று யாருக்கும் தெரியாது. அவன் வேலை போனால் ஷாஹிதாவும் ஆயிஷாவும் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

அவனைத் திட்ட வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்தேன்.

"நீ கெளம்பு மச்சான். ஷாஹிதாட்ட நான் பேசிக்கிறேன்" என்று கார் சாவியையும் பந்தையும் என் கையில் திணித்தான். எங்களை இறக்கிவிட்ட ரமோன் இன்னும் போயிருக்கவில்லை. நஸீரின் பெட்டியை ஒன்றும் கேட்காமல் வாங்கி மறுபடி டிக்கியில் வைத்தார்.

நுவார்க்கில் இறங்கியபோது இருட்டிவிட்டது. நஸீரின் காரில், அவன் சீட்டை என் காலுக்கு ஏற்றபடி தள்ளக்கூட மனமில்லாமல், ஈஸ்ட் பிரன்ஸ்விக்குக்கு ஓட்டினேன். ஷாஹிதாவிடம் அவன் ஃபோனில் சொல்லிவிட்டான். குழந்தையிடம் யாரும் சொல்லவில்லை.

கார் சத்தம் கேட்டதுமே வாசல் கதவு திறந்தது. ஆயிஷா இடது கையில் கிளவுஸை மாட்டிக்கொண்டு ஓடி வந்தாள். நான் இறங்கியதைப் பார்த்தாள். பிறகு பக்கத்து சீட்டைக் குனிந்து பார்த்தாள், பின் சீட்டையும் பார்த்தாள்.

"அங்கிள், ஒய் ஆர் யூ டிரைவிங் வாப்பாஸ் கார்?"

நான் பந்தை நீட்டினேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.