கருப்பு மணலில் ஒரு மஞ்சள் மீன்

திங்கட்கிழமை காலை டயாலிசிஸ் நர்ஸ் ரேகாவின் பெயர் செல்பேசியில் தெரிந்தது. என் இரத்தப் பரிசோதனையில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். "மேடம், நம்ம செந்தில் சார் ஹோக்பிட்ரு, போயிட்டாரு" என்று கன்னடமும் தமிழுமாக விம்மினாள். ஞாயிற்றுக்கிழமை ராமாபுரத்தில், தன் வீட்டில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். போகிற வயசா அது? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வரவில்லை. நாளைக்கு எனக்கு யார் ஊசி போடுவார்கள் என்ற பயம்தான் முதலில் வந்தது.

செவ்வாய், வியாழன், சனி என்று மைசூரில் அந்தக் கட்டில்களில் நாலு மணி நேரம் கிடக்கும் உங்களுக்கு இந்தப் பயத்தை விளக்க வேண்டியதில்லை. அடுத்துப் போகப்போவது நம்மில் யார் என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் வரிசை போட்டு வைத்திருந்தோம். நான் என்னைத்தான் முதலில் நிறுத்தியிருந்தேன். நமக்கு ஊசி போட்டு, இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட டெக்னீஷியன் செந்தில் அந்த வரிசையில் இல்லவே இல்லை. பாவி மனுஷன், முந்திக்கொண்டார்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது ஊரறிந்த விஷயம். ஆறு வருஷம் ஆகியும் ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இயந்திரம் 'பீப்' என்று கத்தினால் போச்சு, எல்லாம் முடிந்தது என்று தோன்றும். செந்தில் அவசரமே படாமல் வருவார். "ஒண்ணுமில்லீங்க்கா, மெஷின் கொட்டாவி விடுது" என்று ஒரு பொத்தானை அழுத்துவார்.

கடல்நீர் மீன்தொட்டி வைக்கலாம் என்ற யோசனை அவருடையது. தொற்று பயத்தால் உள்ளே வைக்க அனுமதி கிடைக்கவில்லை. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், காத்திருப்புக் கூடத்தில், நம் கட்டில்களுக்கு நேரெதிரே வைத்தார். கடலே இல்லாத ஊரில் நல்ல தண்ணீரில் உப்புக் கரைத்துத்தான் கடல் செய்ய வேண்டும். நாள் முழுக்க நமக்காக உப்பையும் தண்ணீரையும் அளந்தவருக்கு அது கஷ்டமாகவே இல்லை. அடியில் போடும் மணலில்தான் சண்டை வந்தது.

நான் வெள்ளை மணல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். வெள்ளை என்றால் அழுக்கு தெரியும். தெரிந்தால் உடனே சுத்தம் செய்யலாம். கருப்பில் என்ன கிடக்கிறதோ என்று நினைத்தே எனக்கு இரத்த அழுத்தம் ஏறும். அவர் சிரித்தார். "வெள்ளையில பட்டுக் கீழேயிருந்தும் வெளிச்சம் அடிச்சா மீனு பயந்து வெளுத்துப் போயிருமுங்க. கல்லு இடுக்கை விட்டு வெளியவே வராது. அழுக்கைப் பாக்கறது என்ற வேலை, மீனைப் பாக்கறது உங்க வேலை" என்றார்.

என் பக்கத்துக் கட்டில் மாதையண்ணன், கோபிநத்தத்துக்காரர், இப்போது மகள் வீட்டோடு இங்கே இருப்பவர், தன் பங்குக்கு ஒரு பை நிறையக் காவேரிக் கருமணல் கொண்டுவந்தார். செந்தில் அதில் ஒரு காந்தத்தை விட்டு எடுத்தார். மீசை முளைத்ததுபோல் கருப்புத் துகள் ஒட்டிக்கொண்டு வந்தது. "இரும்பு இருக்குதுங்ணா. கண்ணாடி துடைக்கற காந்தத்துல ஒட்டிக்கிட்டுத் தொட்டியவே கீறிரும்." மாதையண்ணனுக்கு வந்ததே கோபம்! "காவேரி மண்ணுக்கே கொறை சொல்றியா நீயி?" என்று இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை.

கடைசியில் கடையிலிருந்து வெள்ளை, பழுப்பு, கருப்பு என்று மூன்று மணல் வாங்கி வந்து மூன்று தட்டில் பரப்பினார். ஒவ்வொன்றின் மேலும் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார். பிறகு உள்ளே வந்து, காலியாக இருந்த கட்டில்களில் மாறி மாறிப் படுத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்தார். "என்ன தம்பி, திருஷ்டி கழிக்கிறீங்களா?" என்று கேலி செய்தேன். "ஆமாங்க்கா, உங்களுக்குத்தான்" என்றார். கருப்பு மணல் போட்டார். அதன்மேல் எலுமிச்சம்பழ அளவில் ஒரு மஞ்சள் மீனை விட்டார்.

அதற்கப்புறம் ஒரு வழக்கம் பிடித்துக்கொண்டது. கட்டில் கட்டிலாக வந்து, "மீன் எங்கீங்க இருக்குது?" என்று கேட்பார். தூங்கினாலும் எழுப்பிக் கேட்பார். எனக்கு எரிச்சலாக வரும். "அது எங்கே போகும், மெட்ராஸுக்கா?" என்பேன். "போனாலும் போயிருமுங்க. பாத்துச் சொல்லுங்க" என்று பதில் வாங்காமல் நகரமாட்டார்.

செவ்வாய்க்கிழமை போனேன். புதிய பெண் ஊசி போட்டாள். வலித்தது, ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. மீன் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. இடப்பக்கம், பாறைக்கு மேலே, நடுவில் என்று நான் பாட்டுக்குப் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு கிடந்தேன். மனசு தாங்காமல் பக்கத்தில் திரும்பி, "மாதையண்ணா, மீன் எங்கே இருக்கு?" என்றேன். கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார்.

"எங்கம்மா மீனு? தொட்டி பூராவும் இருட்டாக் கெடக்குது."

தொட்டி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மஞ்சள் மீன் எதிரிலேயே நின்றது. நான் போட்ட கூச்சலில் ரேகா ஓடி வந்தாள். இயந்திரம் அடுத்த தடவை இரத்த அழுத்தம் பார்க்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அதற்குள் அவருக்கு அதலபாதாளத்துக்கு இறங்கியிருந்தது. காலைத் தூக்கிவைத்து, சலைன் ஏற்றி, அவர் முகத்தில் களை திரும்புவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"சார் அதுக்குத்தானே மேடம் கேப்பாரு" என்றாள் ரேகா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பிரஷர் இறங்கினா கண்ணு மங்கும், மீனு தெரியாது. சாதாரணமாப் படுத்திருக்கறவங்களுக்குப் பளிச்சுனு தெரியணும்னுதான் அன்னிக்கு எலுமிச்சம்பழம் வெச்சுப் பாத்தாரு. சொன்னா நீங்க எல்லாரும் பயந்துப்பீங்கன்னு சொல்லல."

நான் கேட்ட வெள்ளை மணலைப் போட்டிருந்தால் மஞ்சள் மீன் நல்ல கண்ணுக்கே மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். செந்திலிடமிருந்து என்னிடம் தங்கியது அந்த ஒரு கேள்விதான். இனி எல்லாரையும் நான் கேட்பேன், ரேகாவிடம் அங்கேயே சொல்லிவிட்டேன். எரிச்சல்படுங்கள், திட்டுங்கள், பதிலை மட்டும் சொல்லிவிடுங்கள்.

அன்றைக்கு ஊசியைக் கழற்றுவதற்குச் சற்று முன்னால் மாதையண்ணன் என் பக்கம் தலையைத் திருப்பினார். குரல் இன்னும் தேறவில்லை.

"ஏம்மா, எல்லாரையும் நீ கேட்டா உன்னை ஆரு கேக்கறது? மீனு எங்கிருக்குது, சொல்லு."

"கல்லுக்கு வலப்பக்கம்ணா" என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.