பிளாக்கிக்கு ஒரே வேளைதான்!

பொங்கல் லீவு முடிந்த சனிக்கிழமை. தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. எங்கள் மகள் ஜெனி ஷிஃப்ட் முடிந்து வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

அந்த ஹாரன் கேட்டால் எங்கள் நாய் பிளாக்கிக்குக் கால் தரையில் பாவாது. பாய்ந்து போய் கேட்டில் நிற்கும். அன்றைக்கும் எழுந்திருக்கத்தான் பார்த்தது. முன்னங்கால்கள் நின்றன... பின்பக்கம் வரவில்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டு அப்படியே உட்கார்ந்து, வாலை மட்டும் ஆட்டியது.

ஜெனி அழுதேவிட்டாள். ஆட்டோவைக் கூப்பிட்டோம். இரண்டு பேராலும் தூக்க முடியாமல் ஆட்டோக்காரரும் கை கொடுத்தார். "இன்னாக்கா, நாயா இது? கன்னுக்குட்டி கணக்கா கீது!" என்றார். அந்தப் பதற்றத்திலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நம் பிள்ளையை நாம் குண்டு என்று சொல்லலாம். அடுத்தவர் சொல்லலாமா?

கால்நடை டாக்டரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் மரியாதையாக. "கால்ல அடி ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் வெயிட்டுதான். தடவிப் பார்த்தா விலா எலும்பு கைக்குத் தட்டுப்படணும். தட்டுப்படுதா?"

தடவினேன். மெத்தையில் கை வைத்தது போலிருந்தது.

"இந்த பாரத்தை மூட்டு எவ்ளோ நாள் தாங்கும்? குறைக்கலேன்னா ஒரு நாள் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. தினம் எத்தனை வேளை சாப்பாடு வைக்கிறீங்க?"

"ஒரே வேளைதான் டாக்டர். சாயங்காலம் ஸ்கூல்லேர்ந்து வந்ததும் நானே என் கையால வைக்கிறேன்" என்றேன். இருபது வருஷமாய் டீச்சராக இருப்பவள், பொய் சொல்வேனா?

ஜெனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா... மத்தியானம் வந்ததும் நான் வைக்கிறேனே. நீயுமா வைக்கிற?"

வீட்டுக்காரருக்குப் போன் போட்டோம். ஒரகடத்தில் லாரி பாகங்கள் செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். நிரந்தரமாக இரண்டாம் ஷிஃப்ட்; அவர் வீடு வரும்போது நானும் ஜெனியும் தூங்கியிருப்போம். "நான் வந்து ஒரே ஒரு வாட்டிதாம்மா வைக்கிறேன். பாவம், பட்டினியா பாத்துக்கினு கீது" என்றார்.

மூன்று பேர் சொன்னதும் சத்தியமான உண்மை. டாக்டர் சிரித்துவிட்டார். எங்களுக்குத்தான் ஆளுக்கு ஒரு ஷிஃப்ட்... பிளாக்கிக்கு மூன்று ஷிஃப்டும் டியூட்டி! கள்ளப் பயல், ஒவ்வொருவரிடமும் போய் மூன்று நாள் சோறு காணாத முகத்தைக் காட்டியிருக்கிறான்.

வீட்டுக்கு வந்து போனில் பழைய போட்டோக்களைத் தேடினேன். ஜெனி ஆறாம் வகுப்பு படிக்கும்போது வடக்குப்பட்டு ரோட்டோரத்திலிருந்து தூக்கிவந்த குட்டி அது. எவ்வளவு ஒல்லி! அப்போது அவருக்கு ஜெனரல் ஷிஃப்ட்; சாயங்காலமே வந்துவிடுவார். ராத்திரி எட்டு மணிக்கு ஹாலில் பாய் விரித்து மூன்று பேரும் உட்காருவோம். அவர் ஜெபம் பண்ணுவார். பிளாக்கி வாசற்படியில் மூச்சுவிடாமல் காத்திருக்கும். "ஆமென்" என்றதும் வால் ஆட ஆரம்பிக்கும். எங்கள் மூவரையும்விட அதற்குத்தான் பக்தி அதிகம் என்பார் அவர்.

ஜெனி மீனில் முள் எடுக்கச் சொல்லி அப்பாவிடம் தட்டை நீட்டுவாள். வகுப்பில் யார் அடி வாங்கினார்கள் என்று கதை கதையாகச் சொல்வாள். எல்லாம் முடிந்த பிறகுதான் பிளாக்கிக்கு ஒரு தட்டு. இன்னொரு தட்டு யாரும் வைத்ததில்லை. எப்படி வைப்பது? வைத்ததை மற்ற இரண்டு பேரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்!

அந்த எட்டு மணி எப்போது நின்றது என்று யோசிக்கிறேன்... ஞாபகமில்லை. அவருக்கு ஷிஃப்ட் மாறியது. ஜெனி சுங்குவார்சத்திரம் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சேர்ந்தாள். இப்போது எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் பெரிய பேச்சே "குழம்பு ஃபிரிட்ஜ்ல இருக்கு, சூடு பண்ணிக்கோ" என்பதுதான். மனசு கனத்துப் போயிற்று.

சட்டம் போட்டேன். சாயங்காலம் மட்டும், நான் மட்டும், டாக்டர் சொன்ன அளவு மட்டும். பிஸ்கட்டுக்குப் பதில் கேரட். காலையில் மெதுவாக ஒரு நடை.

அடுத்த வாரமே சட்டம் உடைந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போது பார்த்தால், பிளாக்கியின் தட்டில் ராத்திரி வைத்த தயிர்சாதம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். "நாய் நடக்கணுமா, வேணாமா? அன்பு காட்டியே அதைக் கொல்லப் போறீங்களா?"

அவர் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "அதுக்குப் பசின்னா வைக்கிறேன்? நீங்க தூங்கிக்கினு இருக்கீங்க. அது ஒண்ணுதான் எனக்குன்னு முழிச்சிக்கினு எதிர்ல வந்து ஒக்காருது. அதுக்கும் போடாம நான் மட்டும் துன்னா தொண்டையில எறங்கல. தனியா துன்னு துன்னு வெறுத்துப்போச்சும்மா."

"அப்பா, எனக்கும் அப்படித்தான்" என்றாள் ஜெனி.

நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டு எத்தனை காலம்! பிளாக்கி மட்டும் மூன்று பேரோடும் தினம் சாப்பிட்டிருக்கிறது. நாங்கள் அதற்குப் போட்டது சோறு என்றா நினைக்கிறீர்கள்?

இப்போது ஜெனி மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு, நான் வந்ததும் என்னோடு சாப்பிடுகிறாள். அவர் வருகிற நேரத்துக்கு அலாரம் வைத்து எழுந்து, எதிரே நான் உட்காருகிறேன். பிளாக்கி கொஞ்ச நேரம் எங்கள் வாயையே பார்க்கும்; பிறகு கேரட்டைக் கடித்துக்கொண்டு படுத்துவிடும்.

நேற்று எடை போட்டோம். நன்றாகவே குறைந்திருக்கிறது. பஸ் ஹாரனுக்குக் கேட் வரை தானே நடந்து போகிறது. ஓடுவதற்கு இன்னும் கொஞ்ச நாளாகும் என்கிறார் டாக்டர்.

வீட்டுக்காரரோடு ஒரு வாய், ஜெனியோடு ஒரு வாய் என்று எனக்குத்தான் ஜாக்கெட்டெல்லாம் இறுக்குகிறது... இறுக்கட்டும், பிரித்துத் தைத்துக்கொண்டால் போச்சு!