அறிமுகம் செய்ய ஆள் உண்டா?

1. டீக்கடை பாய்க்கு வந்த தடை

எங்கள் பேங்க்கின் குரோம்பேட்டைக் கிளைக்குப் புதிதாக வந்த மேனேஜர், வந்த வேகத்திலேயே டீக்கடை பாய்க்குத் தடை போட்டார். செல்போனிலேயே கணக்குத் தொடங்கும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது புரியாது, அதனால் விளக்கிவிடுகிறேன். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் சேமிப்புக் கணக்கு தொடங்க ரேஷன் கார்டும் போட்டோவும் மட்டும் போதாது. அதே கிளையில் ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர், "இவரை எனக்குத் தெரியும்" என்று கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கு இன்ட்ரொட்யூசர் என்று பெயர். அவருடைய கணக்கு ஆறு மாதமாவது பழையதாக இருக்க வேண்டும்.

அப்படி யாரையும் தெரியாதவர்கள் பேங்க் வாசலில் இருந்த டீக்கடைக்குப் போவார்கள். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பாய்க்கு அவர்களைத் தெரிந்துவிடும். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்.

மேனேஜர் விண்ணப்பங்களைப் புரட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "என்ன மேடம் இது, ஊர்ல பாதிப் பேரை ஒரே ஆளுக்குத் தெரியுமா?"

"நல்ல டீ போடுவார் சார்" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் சிரிக்கவில்லை.

அவர் செய்தது தவறு என்று சொல்லமாட்டேன். நாளை யாராவது திருட்டு செக் போட்டு ஏமாற்றினால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆனால் பாயின் பேனாவை மூடியதும், ஆள் பழக்கம் இல்லாதவர்களுக்குப் பேங்க் கதவும் மூடிக்கொண்டது.

2. பர்வீன்

அந்தச் சமயத்தில்தான் பர்வீன் வந்தாள். திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் நட்டு போல்ட்டு செய்யும் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். அஸ்தினாபுரத்தில் வாடகைக்கு இருந்தாள். இனிமேல் சம்பளம் செக்காகத்தான் வரும், மாதக் கடைசிக்குள் கணக்குத் தொடங்காதவர்கள் வேலைக்கு வர வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம்.

"இத்தினி நாளு கவர்லதான் குடுத்தாங்க. இப்ப வேலையே பூடும்போல கீதுக்கா."

"கூட வேலை செய்றவங்க யாருக்காவது இங்க கணக்கு இருக்கா?"

"அல்லாரும் என்னாட்டம்தான்."

"வீட்டு ஓனரைக் கேட்டியா?"

"கேட்டேன்க்கா. நாளைக்கு நீ எதனா பண்ணிட்டுப் பூட்டா என் தலையில விடியும்னுட்டாரு."

மேனேஜரிடம் போய் நானே கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டேன். "ஸ்டாஃப் போடக் கூடாது மேடம். தெரிஞ்சவங்க யாரையாவது கூட்டிட்டு வரட்டும்" என்றார். தெரிந்தவர்கள் இருந்தால் அவள் ஏன் என் கவுன்ட்டரில் நின்று கண்ணைத் துடைக்கிறாள்? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

இருக்கைக்குத் திரும்பி, பர்வீனின் விண்ணப்பத்தில் இருந்த முகவரியைப் பார்த்தபோதுதான் அந்த ஓனரின் நினைவு வந்தது. வண்டலூரில் நிலம் விற்ற பணத்தைப் போட, மனைவி பெயரையும் சேர்த்து ஜாயின்ட் அக்கவுன்ட் தொடங்கியவர். விண்ணப்பத்தை வாங்கியவள் நான்தான். அந்த அம்மா அவர் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டது நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் ஒருவர் கணக்கைப் பற்றி இன்னொருவரிடம் பேங்க்காரர்கள் வாய் திறக்கக் கூடாது.

"ஓனரை விடு பர்வீன். வீட்டுக்கார அம்மா எப்படி?"

"அவங்க தங்கம்க்கா. புள்ளைங்கள அவங்களாண்டதான் வுட்டுட்டு வேலைக்குப் போறேன்."

"அப்ப அவங்களைக் கூட்டிக்கிட்டு வா."

"அவங்களுக்கு பேங்க்கப் பத்தி இன்னாக்கா தெரியும்?"

"உன்னைத் தெரியுமில்ல. கூட்டிக்கிட்டு வா."

3. ராஜேஸ்வரி அம்மா

மறுநாள் இருவரும் வந்தார்கள். ராஜேஸ்வரி அம்மா செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மேனேஜர் கேட்டார்: "இந்தப் பொண்ணை உங்களுக்கு நல்லாத் தெரியுமா?"

"எங்க பின்போர்ஷன்லதான் கீறா. எனக்கு மூச்சு இழுத்தப்போ ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனது இவதான். இன்னும் இன்னா சார் தெரியணும்?"

மேனேஜர் தன் பேனாவையே எடுத்துக் கொடுத்தார். கையெழுத்துக்குக் கீழே நான் கணக்கு எண்ணை எழுதினேன். அந்த அம்மா அதையே பார்த்தார்.

"இது அவரு கணக்கில்ல?"

"உங்க ரெண்டு பேருதும்தாம்மா. யார் வந்தாலும் பணம் போடலாம், எடுக்கலாம்."

"நான் மட்டும் வந்தாலுமா?"

"நீங்க மட்டும் வந்தாலும்."

"இத்தினி வருசமா யாரும் சொல்லலியேம்மா" என்றார்.

அடுத்த வாரம் தனியாக வந்து கொஞ்சம் பணம் எடுத்தார். இந்த முறை செருப்போடு உள்ளே வந்தார். அதற்கு மறுநாள் அவருடைய கணவர் வந்து கவுன்ட்டரைத் தட்டினார். "யாரைக் கேட்டு அவகிட்ட பணம் குடுத்தீங்க?"

"அக்கவுன்ட் ஹோல்டரைக் கேட்டுத்தான் சார்" என்றேன். கேபினுக்குள்ளிருந்து மேனேஜர் சிரித்தது எனக்குக் கேட்டது.

4. ஆறு மாதம் கழித்து

பின்னால் வந்த ஆண்டுகளில் குறைந்தபட்ச இருப்பு வேண்டாத கணக்குகள் வந்தன, ஏடிஎம் வந்தது, விதிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன, கடைசியில் இன்ட்ரொட்யூசர் என்ற ஆளே இல்லாமல் போனார். நல்லதுதான். ஆனால் விதி மாறும்வரை காத்திருக்கப் பர்வீனுக்கு நேரம் இருக்கவில்லை. விதியைக் காட்டி ஆளைத் திருப்பி அனுப்புவது சுலபம். அதே விதிக்குள் அவரை உள்ளே விட வழி இருக்கிறதா என்று தேடுவதும் நம் வேலைதான் என்பதை நான் அந்த மாதம் கற்றுக்கொண்டேன். கவுன்ட்டரில் உட்காரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான்.

அதற்கெல்லாம் முன்பே, கணக்குத் தொடங்கி ஆறு மாதம் ஆனதும் பர்வீன் வந்து நின்றாள். பின்னால் பேக்கிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்த நான்கு பெண்கள்.

"ஆறு மாசம் ஆச்சுக்கா. இப்ப நான் போடலாமில்ல?"

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "இவங்க எல்லாரையும் உனக்குத் தெரியுமா?"

"ஒரே டப்பாலதான் சார் சாப்புடறோம்."

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். பர்வீன் நான்கு விண்ணப்பங்களிலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். நான் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் பயந்துபோய் நின்ற பெண்ணிடம் சொன்னாள்:

"ஆறு மாசம் பொறு. அப்பால நீ போடலாம்."