பிறந்த வீட்டுக் கோடியும் ஐம்பத்தைந்து நிமிடமும்

விமானப் பயணச்சீட்டு விற்கும் தொழிலில் ஒரு வசதி உண்டு: விற்பவர் பறக்க வேண்டியதில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு எதிரே, ஒரு மாடிப்படியின் கீழ் அமைந்த எங்கள் சிறிய அலுவலகத்தில் அமர்ந்தபடியே பத்தொன்பது ஆண்டுகளாக உலகத்தின் எல்லாத் திசைகளுக்கும் ஆட்களை அனுப்பியிருக்கிறேன். அதற்கு முன் ஒரு தனியார் பள்ளியில் இலக்கணம் நடத்தினேன். பள்ளி மூடப்பட்டது, பிழை பொறுக்காத குணம் மட்டும் என்னோடு வந்தது. கடவுச்சீட்டில் உள்ள பெயரும் பயணச்சீட்டில் உள்ள பெயரும் ஓர் எழுத்து வேறுபட்டாலும் பயணியை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்பதால், இந்தத் தொழில் அந்தக் குணத்தை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது.

தனியாக வெளிநாடு போகும் வழியில், இடைநிலையத்தில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டு, அறிவிப்புப் பலகையிலிருந்து அதன் எண் மறைவதை நின்று பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். சிலருக்கு அந்தச் சீட்டைப் போட்டுக் கொடுத்தவளே நானாகவும் இருக்கலாம். உங்கள் வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்த ஒருத்தி எழுதுவதாக இதைப் படியுங்கள்.

முட்டி வலி

பருத்திப்பட்டு ஏரிக்கருகில் அடுக்கக வீட்டில் வசிப்பவர் சண்முகம் ஐயா. சொந்த ஊர் நெல்லைப் பக்கம். பாடியில் ஒரு தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கனடாவில் இருக்கும் மகளைப் பார்க்க முதன்முறையாகத் தனியே புறப்பட்டார். இரண்டு விமானங்களுக்கும் நடுவே ஐம்பத்தைந்து நிமிடம் இருந்தது. அவ்வளவு இருந்தால் போதும் என்று கணினி சொன்னது, நானும் சொன்னேன்.

இடைநிலையத்திலிருந்து அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது, அவருடைய விமானம் கிளம்பியிருந்தது. "மேடம், இங்க யாரைக் கேக்கன்னே தெரியல" என்றார். நான் பதிவைத் திறந்து பார்த்து, "விதிப்படி போதுமான இடைவெளிதான், ஐயா. நீங்கள் சற்று வேகமாக நடந்திருக்கலாம்" என்றேன். அதில் எந்தத் தகவல் பிழையும் இல்லை. அவர் ஒரு பகலும் ஓர் இரவும் அங்கே உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தவர், மேப்பிள் இலை வடிவத்தில் செய்த இனிப்புப் பெட்டி ஒன்றை என் மேசையில் வைத்தார். கோபமே இல்லாத குரலில் சொன்னார்:

"கம்ப்யூட்டருக்கு முட்டி வலிக்காதுல்லா, மேடம்."

டோக்கன்

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு எனக்கு நானே ஒரு விதி வகுத்துக்கொண்டேன்: மூன்று மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளியில் யாருக்கும் சீட்டுப் போடுவதில்லை. வானகரத்திலிருந்து வந்த மென்பொருள் நிறுவனப் பெண் ஒருத்தி, "டிக்கெட் போடுறீங்களா, ஜெயில்ல போடுறீங்களா மேடம்?" என்று சிரித்தாள். நான் விதியை மாற்றவில்லை.

விதிகள் எனக்குப் பிடிக்கும். அலுவலகத்தில் டோக்கன் முறையைக் கொண்டுவந்ததும் நான்தான். முன்பெல்லாம் நான்கைந்து பேர் மேசையைச் சூழ்ந்து நின்று ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஒரு நாள், தந்தை துபாயில் இறந்துவிட்டார் என்று ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். அவருக்கு முன்னால் மூவர் இருந்தனர். டோக்கன் எடுத்துக்கொண்டு அமருமாறு கூறினேன். அவர் அமர்ந்தார். அவருடைய முறை வந்ததும், அன்றைக்கு எவரும் போடக்கூடிய மிகச் சிறந்த சீட்டைப் போட்டுக் கொடுத்தேன். அவர் போன பிறகு, விசா விண்ணப்பங்களைக் கவனிக்கும் என் சக ஊழியர் சேகர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலேயே சொன்னார்:

"அக்கா, நீ நல்லவதான். ஆனா உன் கையில டோக்கன் கீதே, அதான் பயம்."

எனக்கொரு சீட்டு

என்னுடன் பிறந்தவள் ஒருத்திதான். பிலோமினா அக்கா. செவிலியாக வேலை கிடைத்து முப்பது ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனிக்குப் போனவள்; கணவர் காலமான பின்பும் மகன் ஜெரால்டுடன் அங்கேயே இருந்தாள். கிறிஸ்துமஸ் தோறும் தொலைபேசியில் ஒரே கேள்வியைக் கேட்பாள்: "ஆவடில இருக்கிறவங்க எல்லாருக்கும் டிக்கெட் போடுறியே தெரசா, உனக்கு ஒண்ணு போட்டுக்கத் தெரியலையா?" விடுமுறைக் காலத்தில்தான் அலுவலகத்தில் நெருக்கடி என்று நானும் ஒரே பதிலைச் சொல்வேன். இரண்டிலும் பிழை இல்லை.

இந்தக் கோடையில் ஜெரால்ட் அழைத்தான். அக்கா தூக்கத்திலேயே போய்விட்டாள். அடக்கம் மறுவாரம் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. அதைத் தவறவிட்டால் கல்லறைத் தோட்டத்தில் அடுத்த நேரம் கிடைக்கப் பல வாரங்கள் ஆகுமாம். "சித்தி, அம்மா ஒண்ணு சொல்லியிருக்காங்க. பெட்டிய மூடுறதுக்கு முன்னாடி அவங்க வீட்டுப் புடவைய மேல போடணுமாம். அது நீங்கதானே கொண்டு வரணும்?" என்றான். ஆம், நான்தான். ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடி, அதாவது புதுப் புடவை வந்து, அதைப் போர்த்திய பிறகே பெட்டியை மூடுவது எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் வழக்கம். அம்மா, அப்பா போய்விட்டபின் பிறந்த வீடு என்பது நான் ஒருத்தியே.

வெளிர்நீலத்தில் ஒரு பட்டுப் புடவை வாங்கினேன். விசா ஒட்டிய கடவுச்சீட்டு வியாழன் நண்பகலில்தான் கைக்கு வந்தது. மூன்று மணிக்கு முன் என்னைக் கொண்டுசேர்க்கும் விமானம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: வெள்ளி விடியலில் சென்னை, வளைகுடாவில் ஓர் இடைநிலையம், அங்கே ஒரு மணி இருபது நிமிட இடைவெளி. அந்தச் சீட்டை வேறு யாராவது கேட்டிருந்தால் போட்டிருக்க மாட்டேன். சேகர் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

"ஓடணும்க்கா. நீ ஓடி நான் பாத்ததே இல்ல."

பாதுகாப்புச் சோதனை

சென்னை விமானம் இருபத்தைந்து நிமிடம் தாமதமாக இறங்கியது. மிச்சம் ஐம்பத்தைந்து நிமிடம். சண்முகம் ஐயாவின் முட்டி அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. நடைபாதைகளின் முடிவில் மறுபடியும் ஒரு பாதுகாப்புச் சோதனை; அதற்கு முன்னால் ஏழெட்டு மடிப்பாக வளைந்து கிடந்த ஒரு வரிசை. அதன் கடைசியில் போய் நின்றேன்.

நாங்கள் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் துணிப்பையில்தான் புடவையை வைத்திருந்தேன். பையின்மேல் அம்பத்தூர் என்று தமிழில் அச்சிட்டிருக்கும். தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவர் அதைப் படித்துவிட்டு நெருங்கி வந்தார். "அம்பத்தூராக்கா? நான் வானகரம். எம்பேரு டில்லி. எந்த ஃபிளைட்டு?" சீட்டைக் காட்டினேன். அவர் முகம் மாறியது. "இன்னாக்கா இங்க நின்னுகினு கீற? கேட்டு மூடிருவான். முன்னாடி போய் பாஸக் காட்டு, உட்டுருவாங்க. தெனம் பத்துப் பேரு போறாங்க."

முன்னால் குழந்தையோடு ஒருத்தி நின்றாள். ஊன்றுகோலோடு ஒரு வெள்ளைக்காரர் நின்றார். அவர்களைத் தாண்டிப் போய் என்ன சொல்வது? என் அக்கா இறந்துவிட்டாள் என்றா? அப்படிச் சொல்லிக்கொண்டு வந்தவரை நான் உட்காரவைத்திருக்கிறேன். "எல்லோரும் நிற்கிறார்கள், தம்பி" என்றேன். டில்லி துடைப்பான் கம்பில் கைகளை ஊன்றிக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதைப் போலச் சொன்னார்:

"நிக்கட்டும்க்கா. அதுல யாருக்கும் உன் ஃபிளைட்டு இல்ல."

மாற்றுப் பயண மேசை

நான் போய்ச் சேர்ந்தபோது வாயிற்கதவு மூடியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நின்றுகொண்டுதான் இருந்தது. கதவு மூடிய பின் திறக்க மாட்டார்கள் என்பதை ஆயிரம் பேருக்கு விளக்கியவள் நான் என்பதால், திறக்கும்படி கேட்கவில்லை. அருகில் வேறொருவர் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவருக்கும் திறக்கவில்லை, ஆனால் அவர் கேட்டார்.

மாற்றுப் பயண மேசையில் இருந்த இளைஞர் என் பதிவைத் திறந்து பார்த்தார். அடுத்த விமானம் மாலை ஆறு மணிக்கு. அப்போது ஜெர்மனியில் மணி நான்கு, அடக்கம் முடிந்திருக்கும். அவர் மிகவும் நல்லவர். காலைச் சிற்றுண்டிக்கும் மதிய உணவுக்கும் சீட்டுகள் கொடுத்தார். பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஆங்கிலத்தில், தவறே இல்லாத ஒரு வாக்கியத்தைச் சொன்னார்:

"விதிப்படி போதுமான இடைவெளிதான், மேடம்."

ஈரத் தரை

ஜெரால்டுக்குச் செய்தி சொல்லவும் வழியில்லை. கைப்பேசிக்கு ஜெர்மனியில் மட்டும் வேலை செய்யும் இணைப்பை வாங்கியிருந்தேன். இடைநிலையத்தில் பத்து மணி நேரம் உட்காருவேன் என்று நான் கணக்கிடவில்லை. நிலையத்தின் இலவச இணையமோ, திறப்பதற்கான குறியெண்ணை என் எண்ணுக்குக் குறுஞ்செய்தியில் அனுப்புவேன் என்றது. அந்த எண்ணுக்கு அங்கே எதுவும் வராது. வேலை இடைவேளையில் டில்லி என்னைத் தேடிக்கொண்டு வந்தார். தம் கைப்பேசியிலிருந்து எனக்கு இணையம் கொடுத்தார். ஜெரால்டிடம் சொன்னேன். அவன், "மூடுறப்போ வீடியோல கூப்பிடுறேன் சித்தி. அங்கிருந்தே காட்டுங்க" என்றான்.

நிலையத்துக் கடிகாரத்தில் நாலரை மணிக்கு, ஜெர்மனியில் இரண்டரைக்கு, அழைத்தான். டில்லி என் கைப்பேசியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். திரையில் அக்கா முன்பைவிடச் சிறியவளாகத் தெரிந்தாள். புடவையின் மடிப்பைப் பிரித்தேன். ஒருத்தியாக நின்று ஒரு புடவையை முழுதும் விரித்துக் காட்ட முடியாது. முடிந்த அளவு கைகளை அகட்டிப் பிடித்தேன். நாற்காலிகளில் இருந்தவர்கள் நான் ஏதோ விற்கிறேன் என்று நினைத்திருக்கக்கூடும். "கொஞ்சம் மேல சித்தி. அம்மா முகத்துக்கு நேரா" என்றான் ஜெரால்ட். உயர்த்தினேன். அதனால் மூடி இறங்குவதை நான் பார்க்கவில்லை. என் கண்ணுக்கு முன்னால் நீலம் மட்டும்தான் இருந்தது. சத்தம் மட்டும் கேட்டது.

கையைத் தாழ்த்த வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. டில்லி கைப்பேசியை என் பையில் போட்டுவிட்டு, புடவையின் மறு முனையைப் பிடித்துக்கொண்டார். இருவருமாக மடித்தோம். அவர் என் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"தலப்பக் கீழ உடாதக்கா. இப்பத்தான் தொடச்சேன், ஈரமா கீது."

அறிவிப்புப் பலகை

மறுநாள் காலை ஜெரால்ட் என்னைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றான். மண் இன்னும் அமுங்கவில்லை. நான் பையிலிருந்து புடவையை எடுத்தபோது அவன் தயங்கி, நுழைவாயிலில் இருந்த பலகையைக் காட்டினான். மலர்களையும் மெழுகுவத்திகளையும் தவிர வேறு எதையும் கல்லறைமேல் வைக்கக்கூடாது என்று அதில் எழுதியிருப்பதாகச் சொன்னான். சுற்றிலும் ஒருவரும் இல்லை. "வைங்க சித்தி, பரவாயில்ல" என்றும் அவனே சொன்னான். நான் பலகையை இன்னொரு முறை பார்த்தேன். எனக்கு ஜெர்மன் தெரியாது. இருந்தும், அது திருத்தமாக எழுதப்பட்டிருக்கும் என்றே தோன்றியது. புடவையைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

அலுவலகம் திரும்பிய முதல் நாள், எல்லாவற்றையும் நேர்ந்த வரிசையிலேயே சேகரிடம் சொன்னேன். அவர் என் மேசையின் கீழ் இழுப்பறையில் டோக்கன் கட்டுகளுக்கு அருகே கிடந்த துணிப்பையைப் பார்த்தார். அதன் வாயில் தெரிந்த நீலத்தையும் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"அங்கயும் க்யூல நின்னுட்டு வந்துட்டியாக்கா."

இப்போதெல்லாம் சீட்டுப் போடுவதற்கு முன் ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்கிறேன், அங்கே யார் காத்திருக்கிறார்கள் என்று. அந்தப் பதிலை நிரப்பக் கணினியில் கட்டம் இல்லாததால், டோக்கனின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொள்கிறேன்.