மூக்குக்கு மேலே, புருவத்துக்குக் கீழே

சுவிஸின் லோசான், ஏரிக்கரையிலிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும் நகரம். எந்தத் தெருவில் திரும்பினாலும் படிக்கட்டு, படிக்கட்டோடு ஒரு இரும்புக் கைப்பிடிக் கம்பி. ஊரார் அதைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். கோபிஷா அதன்மேல், காலில் பூட்டும் பனிச்சறுக்குப் பலகையான ஸ்கீயோடு சறுக்கி இறங்க ஆசைப்பட்டாள்.

பள்ளிக்கூடம் கூட்டிப்போன பனி முகாமில் ஸ்கீ பழகியவள் அவள். இருபது வயதில், ஒரு மருந்துக்கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்தபோது, மாமா மகன் நிருசனும் கூட்டாளிகளும் நகரத்துக் கம்பிகளில் சறுக்குவதைக் கண்டாள். அன்றோடு மலை அவளுக்குச் சப்பென்றாகிவிட்டது.

முதலில் கைக்கு வந்தது நிருசனின் பழைய ஸ்கீ. அவன் நல்ல உயரம். அவள் அவன் தோளுக்குத்தான் வருவாள். நிமிர்த்தி வைத்தால் ஸ்கீயின் நுனி அவள் தலைக்கு மேலே ஒரு சாண் நின்றது. கம்பியில் ஏறுவதற்குத் தாவி, காற்றிலேயே குறுக்காகத் திரும்பவேண்டும். அவள் திரும்பி முடிக்குமுன் பின்முனை கம்பியில் தட்டிவிடும். தட்டினால் விழவேண்டியதுதான். அப்படி விழுந்த ஒருநாளில் மணிக்கட்டு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் அம்மா பரமேஸ்வரி மாவுக்கட்டைக் கண்டதும் கொதித்துப் போனாள்.

"பிடிச்சு இறங்கத்தானேடி அந்தக் கம்பியைப் போட்டிருக்கிறாங்கள்?"

"ஸ்கீ எனக்குப் பெரிசம்மா. அதுதான் பிழை."

"உனக்குப் பயமில்லை. அதுதான் பிழை!"

நிருசனும் ஒத்துக்கொள்ளவில்லை. "நீளத்தில ஒரு பிழையுமில்லை. கட்டை ஸ்கீயோட நிலத்தில இறங்கிப் பார், ஆள் நிக்கமாட்டாய்."

கட்டுப் பிரித்ததும் கோபிஷா கடைக்குப் போனாள். கடைக்காரர் அவளுடைய உயரத்தைப் பார்த்துவிட்டு, நிமிர்த்தினால் மோவாயளவு வரும் சிறுவர் ஸ்கீயொன்றை எடுத்துக் கொடுத்தார். அதில் அவள் பம்பரமாகச் சுழன்றாள். சந்தோசம் தரையில் இறங்கும்வரைதான். மெல்லிய பனி பரவிய சீமெந்தில் மோதியதும், பிள்ளைகளுக்கென்று இளக்கமாகச் செய்த பின்முனை வளைந்து அவளை மல்லாக்காகத் தள்ளிவிட்டது. நிருசன் சொன்னதும் பொய்யில்லை என்று விளங்கியது.

சுழலக் கட்டை வேண்டும். இறங்க நீளம் வேண்டும். இரண்டுக்கும் நடுவே தனக்கென்று ஓர் அளவு இருக்கத்தான் வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நம்பினாள். அந்தக் குளிர்காலம் முழுக்கக் கடையிலிருந்து ஒவ்வொரு அளவாக வாடகைக்கு எடுத்து, வாகனத் தரிப்பிடத்தின் மூலையில் கிடந்த ஒரு தாழ்வான குழாயில் தாவிப் பார்த்தாள். கடைசியில் ஒன்று பொருந்தியது. வளர்ந்தவர்களுக்கான விறைப்பான ஸ்கீ. நிமிர்த்தினால் நுனி மூக்குக்கு மேலே, புருவத்துக்குக் கீழே நின்றது.

சப்பாத்தைப் பூட்டும் பைண்டிங்கைச் சரி நடுவில் போடச் சொன்னாள்.

"இப்படிப் போட்டால் ஆழப் பனியில் முன்முனை புதையும்," என்றார் கடைக்காரர்.

"நான் பனிக்குள்ள போகேல்லை. கம்பிக்கு மேல போறன்," என்றாள் பிரெஞ்சில்.

2012 மாசியில் நகரத்திலேயே பனி கட்டியாய் உறைந்து கிடந்தது. ஆஸ்பத்திரிக்குக் கீழே, பாதியில் வளைந்து செங்குத்தாய் இறங்கும் ஒரு கம்பி இருந்தது. நிருசனின் கூட்டாளிப் பெடியள் எல்லாரும் அந்த வளைவில் விழுந்து கைவிட்ட கம்பி அது. ஒரு ஞாயிறு காலை கோபிஷா அதற்கு முன்னால் போய் நின்றாள். வேகம் பிடிப்பதற்காக நிருசன் இறப்பர்க் கயிற்றால் அவளை இழுத்துவிட்டான்.

தாவினாள். திரும்பினாள். பின்முனை கம்பிக்கு மேலாலே காற்றை மட்டும் வெட்டிக்கொண்டு போனது. இரும்பு சீறியது. வளைவு வந்தது, முழங்காலை மடக்கி விட்டுக்கொடுத்தாள், ஸ்கீ கம்பியிலேயே ஒட்டி நின்றது. முடிவில் இன்னொரு சுழற்சி சுழன்று, பின்பக்கமாக இறங்கினாள். கால் தளம்பவில்லை. தன் எடை முழுவதையும் அந்த ஸ்கீ வாங்கிக்கொண்டதை உள்ளங்காலில் உணர்ந்தாள்.

பெடியள் கத்திய கத்தலில் மேல்வீட்டு யன்னல்கள் திறந்தன. நிருசன் கயிற்றை எறிந்துவிட்டு ஓடிவந்தான். "நீ சொன்னதுதான் சரி மச்சாள்!"

அப்போதுதான் கோபிஷா கண்டாள்: வேலை முடிந்து பஸ்ஸுக்குப் போகவந்த பரமேஸ்வரி, கைப்பையோடு படிக்கட்டின் அடியில் அசையாமல் நின்றாள். பேச்சு விழப்போகிறது என்று கோபிஷா தலையைக் குனிந்தாள்.

"இன்னொருக்காச் செய்," என்றாள் அம்மா.

"என்னம்மா?"

"நான் கண்ணை மூடிட்டன். ஒண்டும் பார்க்கேல்லை. இன்னொருக்காச் செய் பிள்ளை."

கோபிஷா படியேறிப் போய் மறுபடியும் செய்தாள். முதலாவதைவிட அது துப்புரவாக வந்தது. இந்தமுறை பரமேஸ்வரி கைப்பையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தபடி, இமைக்காமல் முழுவதையும் பார்த்தாள்.

அடுத்த குளிர்காலம் பாசல் நகரத்தில், ட்ராம் ஓடும் தெருவோரம் பனி கொட்டி நடத்திய போட்டியொன்றில் பெண்கள் பிரிவில் கோபிஷா முதலாவதாக வந்தாள். அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் "கொபிஸ்... கொபிச..." என்று தடுமாறினார். கூட்டத்தின் முன்வரிசையிலிருந்து பரமேஸ்வரி எழும்பி, ட்ராமில் போனவர்களும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்:

"கோபிஷா! என்ரை மகள் கோபிஷா!"