ஒன்பதாம் இலக்கத் தகடு

இல்லை, கனவில்லை என்று எத்தனை தரம் சொல்வது? போன ஓகஸ்ட், இரண்டாவது சனிக்கிழமை, லண்டனின் மேற்கு ஓரத்து ஏரிக்கரையில் எனக்கே நடந்தது. நேரத்தோடு சொல்கிறேன், கேளுங்கள்.

அங்கே பதினான்கு மரக் கேபின்கள். கோடை வந்தால் ஹரோ, தோர்ண்டன் ஹீத் என்று லண்டனின் பல பக்கத்திலிருந்தும் எங்கள் ஆட்கள் வந்து வாரக்கணக்கில் கிடப்போம். சட்டம் ஒன்றுதான். ஆளுக்கொரு இலக்கத் தகடு. தண்ணீரில் இறங்கும்போது இறங்குதுறைப் பலகையில் சிவப்பு ஆணியில் மாட்டவேண்டும். ஏறியதும் பச்சைக்கு மாற்றவேண்டும். மாலை எட்டு மணிக்கு ஒருவர் போய்ப் பார்ப்பார். சிவப்பில் ஒரு தகடு கிடந்தாலும் விசில் அடித்து எல்லோரையும் கூட்டித் தேடவேண்டும்.

அன்றும் முந்தின நாளும் என் முறை.

8:00. சிவப்பில் ஒன்பதாம் இலக்கம். பியற்றிஸ் அன்ரியின் தகடு. தனியாக வந்திருந்தவர், அறுபது வயது, பொல்லாத மறதி. முந்தின நாளும் அவருக்காக விசில் அடித்தேன். முழுக் கரையும் பதறி ஓடிவந்தது. அன்ரி உள்ளே தோசை சுட்டுக்கொண்டிருந்தார்! அன்றிலிருந்து பக்கத்துக் கேபின் தர்சிகன் அண்ணைக்கு என் பெயரே மறந்துபோயிற்று.

"டேய், விசில் மாஸ்ரர்! கோழி முடியப் போகுது, வாறியோ இல்லையோ?"

"வாறன் அண்ணை!"

தகட்டைக் கழற்றிப் பச்சையில் மாட்டினேன். அன்ரியின் கேபின் இருபது அடி தூரம்தான். எட்டிப் பார்க்கவில்லை.

8:19. கோழிக்குச் சோஸ் எடுக்க என் கேபினுக்குள் போனேன்.

டக்... டக்... டக்...

"தம்பி... என்ர நம்பர் எங்க?"

அன்ரியின் குரல். அப்பாடா என்றிருந்தது.

"பச்சையில மாட்டிட்டன் அன்ரி."

சொட்டு... சொட்டு...

"நான் இன்னும் ஏறேல்லையே தம்பி."

கதவைத் திறந்தேன். ஒருவரும் இல்லை.

ஈரக் கால் தடங்கள். ஏரியிலிருந்து என் வாசல் வரை.

திரும்பிப் போன தடம் இல்லை.

இறங்குதுறைப் பலகைக்கு ஓடினேன். ஒன்பது பச்சையில் இல்லை.

சிவப்பிலும் இல்லை.

விசில்...

8:34. இறங்குதுறைக்குக் கீழே, ஏணியில் கால் சிக்கிக் கிடந்தார். முகம் மட்டும் தண்ணீருக்கு மேலே. நினைவில்லை. மூச்சு இருந்தது. இறுகப் பொத்திய கையைத் தர்சிகன் அண்ணை விரித்தார்.

உள்ளே, ஒன்பதாம் தகடு.

பிழைத்துவிட்டார். ஆனால் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: எடுத்தபோது, நினைவு தப்பி அரை மணி நேரமாவது ஆகியிருந்ததாம். அப்படியென்றால் 8:19க்கு என் கதவைத் தட்டியது...?

அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. தகட்டை மாட்ட மறந்து கையோடு கொண்டு இறங்கினாராம் என்று எல்லோரும் அன்ரியைத்தான் ஏசினார்கள். எனக்குப் பாராட்டு. நான் வாயே திறக்கவில்லை.

"மாட்டினதாத்தான் ஞாபகம் தம்பி. வயசு போட்டுது, என்ன செய்யிறது? நீ இல்லாட்டி நான் இல்லை" என்று அழுதுவிட்டு, அந்தத் தகட்டையே என் கையில் தந்தார். நினைவாக வைத்துக்கொள்ளச் சொன்னார்.

இப்போது ஹரோவில், என் மேசையில் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் சரியாக மாலை எட்டுக்கு நனைகிறது. துடைத்தாலும் நனைகிறது. ஏரி மணம் வேறு. இன்றைக்குக் கீழே வைத்த கடதாசியும் ஊறிப்போயிற்று.

அன்ரியிடம் உண்மையைச் சொன்னால் அது காய்ந்துவிடுமா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?